மூடி

விவாகரத்துப் பத்திரத்தின் மூன்றாம் பக்கத்தில்
பிக்கப் வண்டி டெல்மருக்கு, நாயும் டெல்மருக்கு,
துணி துவைக்கும் இயந்திரமும்
ஸ்லோ குக்கரும் ரோவீனாவுக்கு.
மூடியைப் பற்றி யாரும் எதுவும் எழுதவில்லை.

அது எந்தப் பெட்டியிலோ ஏறி
எங்கேயோ போய்விட்டது.
ஒரு வருடமாக
பீட்சா தட்டைக் கவிழ்த்துத்தான்
பீன்ஸ் வேகவைக்கிறாள்.

அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை.
மார்ட்டின்ஸ்பர்க் கிடங்கில்
பக்கத்து வரிசையில் பெட்டி ஒட்டும் ஒலீட்டா
ஒரு சாக்கு ஆப்பிளை இறக்கிவிட்டுப் போனாள்.
"காற்றுக்கு உதிர்ந்தது. அங்கங்கே அடி.
அடிபட்ட இடத்தை வெட்டிப் போடு,
மற்றதெல்லாம் தேன்."

வெட்டிப் போட்டாள்.
சிலதில் கால்வாசி போயிற்று.
ஒன்றில் விதைவரைக்கும் பாதை போட்டு முடித்து
புழு வெளியேறியும் விட்டிருந்தது.
மீதியைத் தோல் சீவி, துண்டு போட்டு,
பழுப்புச் சர்க்கரை, பட்டை, நான்கு கிராம்பு,
ஒரு குவளை ஆப்பிள் சாறு.
குமிழைக் குறைந்த சூட்டுக்குத் திருப்பிவிட்டுப்
படுக்கப் போனாள்.

பெயர்தான் ஆப்பிள் பட்டர்.
பட்டர் ஒரு பொட்டும் கிடையாது.
மத்தும் கயிறும் தேடாதீர்கள்,
கடைய ஆளில்லை,
வெந்து வெந்து தானே திரள வேண்டும்.
வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்தது
பழைய கதை.
இங்கே தாழி பத்திரம்.

நள்ளிரவில் வீடு முழுக்கக் கிராம்பு.
திரைச்சீலையில், தலையணை உறையில்,
வேலைச் சட்டையில்,
பழைய குடும்பப் பெயரிலேயே
இன்னும் வந்துகொண்டிருக்கும்
மின்சார பில்லில்.

காலையில் திறந்தால் பழுப்புக் குழம்பு.
பீட்சா தட்டின் அடியில் முத்து முத்தாய் நீர்.
மேலே போன ஆவியெல்லாம்
மனம் மாறித் திரும்பி
கிளம்பின இடத்திலேயே சொட்டிக்கொண்டிருந்தது.
இப்படியே விட்டால்
கிறிஸ்துமஸ்வரை வெந்தாலும் இறுகாது.
தட்டை எடுத்துச் சுவரில் சாய்த்தாள்.
கைமிக்ஸியால் ஒரு சுற்று.
பிறகு
திறந்தே கிடக்கட்டும் என்று விட்டாள்.

பொளக். பொளக்.
மணிக்கட்டில் ஒரு சொட்டு தெறித்துச் சுட்டது.
நக்கினாள். இன்னும் கொஞ்சம் நேரம்.

மூன்று மணிக்கு டெல்மர் வந்தான்.
வண்டியின் பின்புறம் நாய்,
கையில் செய்தித்தாள் சுற்றிய கண்ணாடி மூடி.
"டயர் சங்கிலிகளுக்கு அடியில் கிடந்தது.
பனி வருதேன்னு சங்கிலி தேடினேன்."
கால்மிதியைத் தாண்டாமல்
மூக்கை மட்டும் உள்ளே அனுப்பினான்.

வாங்கினாள்.
வண்டியின் குளிரெல்லாம் அதில் இருந்தது.
பாத்திரத்தருகே கொண்டு போனவள்
நின்றாள்.
"இதுக்கு மூடி வேண்டாம்."
டெல்மர் தொப்பியைக் கழற்றினான்,
திரும்ப மாட்டினான்.
"வேற எதுக்காவது ஆகும்."

ஆயிற்று.
பதம் பார்க்கக் குளிர்ந்த தட்டு வேண்டும்,
ஃப்ரீசரில் வைக்க மறந்திருந்தாள்.
"உள்ளே வா. பிடி."
மூடியை மல்லாத்தி அவன் கையில் கொடுத்தாள்.
குமிழ் அடியில் இருந்ததால் ஆடியது,
இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.
நடுவில் ஒரு கரண்டி விட்டாள்.

பதம் வரவில்லையென்றால்
ஓரத்தில் நீர் பிரிந்து
ஒரு வளையம் கட்டும்.
இருவரும் குனிந்து பார்த்தார்கள்.
பதினோரு வருடத்தில்
இவ்வளவு கவனமாக ஒரே இடத்தை
எப்போது பார்த்தார்கள், தெரியாது.
வெளியே நாய் ஒருமுறை குரைத்தது.

வளையம் கட்டவில்லை.

"வந்திருச்சா?"
"வந்திருச்சு."

அவள் ஜாடிகளைத் துடைக்கத் திரும்பினாள்.
ஒரு கையை மெல்ல விடுவித்து
விரலால் வழித்துச் சாப்பிட்டான்.
பிறகு
மூடியை எங்கே வைப்பதென்று தெரியாமல்
பிடித்துக்கொண்டே நின்றான்.